சென்னியப்பன் தெரியவில்லை

நாய் தெரிந்தது. பால்காரர் தெரிந்தார். சுவரில் ஓடுகிற பல்லிகூட வால் நுனி வரை தெரிந்தது. கட்டிய புருஷன் மட்டும் தெரியவில்லை.

வசந்தாமணி அன்று காலை காப்பித் தம்ளருடன் ஹாலுக்கு வந்து, "ஏனுங் மாமா, எங்கீங்க போயிட்டீங்க?" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். சென்னியப்பன் அவளுக்கு நேர் எதிரே, சமையற்கட்டு வாசலை ஒட்டிப் போட்டிருந்த பிரம்பு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காலை நேரத்தில் அவரிடம் விளையாடுகிற துணிச்சல் அவளுக்குக் கிடையாது. அதனால் அவருக்கே ஒரு கணம் குழப்பமாக இருந்தது.

"உன்ற மூஞ்சிக்கு நேராத்தான்டி உக்காந்திருக்கறேன்."

குரல் வந்த பக்கம் அவள் பார்த்தாள். காலி நாற்காலி. வெளியே இருந்து பேசுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, தம்ளரை அந்த நாற்காலியில் வைத்தாள். காப்பி முழுவதும் அவர் மடியில் கொட்டியது. அவர் அலறிய அலறலில் டைகர் என்ற அந்த நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

வசந்தாமணியின் சொந்தக் கண்களைச் சர்க்கரை நோய் எப்போதோ தின்றுவிட்டது. இப்போது அவள் பார்ப்பது கண்ணாடி ஃப்ரேமில் பதித்த இரண்டு குட்டிக் கேமராக்களாலும், காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்த ஒரு சில்லாலும். அந்தச் சில்லில் ஓடுகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெயர் விழி. பழைய விழியில் உலகம் நனைந்துபோன செய்தித்தாள் மாதிரி கறுப்பு வெள்ளையில் தெரியும். முதல் நாள் இரவுதான் விழி ஐந்து தானாக வந்து இறங்கியது. நிறங்கள் வந்தன. முருங்கை இலையின் பச்சையைப் பார்த்து அவள் விடியற்காலையில் தனியாக அழுதிருந்தாள். அந்தச் சந்தோஷம் காப்பி போடும் நேரம் வரைதான் நீடித்தது.

சென்னியப்பன் வேட்டியை மாற்றிக்கொண்டு கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். காங்கயத்தில் மூன்று தேங்காய்க் களங்களுக்குச் சொந்தக்காரர், கோயில் கமிட்டித் தலைவர். போனில் யாரையும் எடுத்த எடுப்பில் அதட்டித்தான் அவருக்குப் பழக்கம். மறுமுனையில் நஸ்ரின் என்ற பெண் பேசினாள். அன்று காலையிலிருந்து அவள் இதே கதையைக் கேட்டுக் கேட்டுக் களைத்திருந்தாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"சார், புது சிஸ்டத்துல ஒரு பக் இருக்கு. பார்வை சுத்தமா இருக்கணும்னு, தேவையில்லாததை எல்லாம் அது அழிச்சிடும். கண்ணாடி ஃப்ரேம், தூசி, மழைச் சாரல் இதெல்லாம். நமக்கு நம்ம மூக்கு எப்பவும் கண்ணு முன்னாடிதான் இருக்கு, ஆனா தெரியறதில்லையே, அந்த மாதிரி."

"நான் என்ன மூக்கா?"

"எப்பவும் கண்ணுல படணும், ஆனா பேர் சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிட்டிருக்கக் கூடாது. இது ரெண்டும் சேர்ந்தா, அது ஆள் இல்லை, பார்வையை மறைக்கிற ஏதோ பொருள்னு சிஸ்டம் முடிவு பண்ணிடுது சார். உங்களையும், உங்க கையில இருக்கறதையும் சேர்த்து அழிச்சுட்டு, பின்னாடி இருக்கற சுவரை வெச்சு ரொப்பிடுது."

"அப்ப நாய் தெரியுதுங்கறா?"

"நாயை என்னன்னு கூப்பிடுவாங்க?"

"டைகர்னு."

"அதான் சார்." நஸ்ரின் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொடர்ந்தாள். "இதைச் செஞ்சவங்க ஊர்ல எல்லாரும் புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அங்க சோதனை பண்ணினப்ப ஒருத்தருக்கும் இந்தப் பிரச்சனை வரலை. இங்க வந்ததும் ஒரே போனா வருது. எல்லாம் பொம்பளைங்க. எல்லாருக்கும் புருஷனைத்தான் காணோம்."

"பழசையே திருப்பிப் போட்டுக் குடுத்துருங்க."

"அது முடியாது சார். ரெண்டு வழிதான் இருக்கு. பக்கைச் சரி பண்ற அப்டேட் அடுத்த வாரம் வந்துடும், அதுவரைக்கும் காத்திருக்கலாம். இல்லைன்னா மேடம் உங்க பேரை வாய்விட்டு ஒரு தடவை சொன்னாப் போதும். அவங்க குரல்லதான் சொல்லணும். உடனே தெரிஞ்சிடுவீங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. வசந்தாமணி புடவைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் 'மலைமேல முருகன் இருக்கற ஊர் பேருதானுங்க' என்று சுற்றி வளைப்பாள். கண் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, வாய் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது.

"என்ற பொண்டாட்டி என்னையப் பேர் சொல்லிக் கூப்பிடோணுமா?" சென்னியப்பன் போனைப் பார்த்துக் கத்தினார். "எங்க வம்சத்துலயே அந்தப் பழக்கமில்லை. உங்க அப்டேட்டு வரட்டும். நாங்க காத்திருக்கறோம்."

அடுத்த வாரம் வந்தது, அப்டேட் வரவில்லை. அதற்கடுத்த வாரம் என்றார்கள். பிறகு மாதக் கடைசி என்றார்கள். பிறகு தேதி சொல்வதையே விட்டுவிட்டு, 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று மட்டும் அனுப்பினார்கள்.

முதலில் சென்னியப்பனுக்கு இது அவமானமாகத்தான் இருந்தது. தன் வீட்டில், தன் நாற்காலியில், தான் இல்லாமல் இருப்பது யாருக்குப் பிடிக்கும்? ஆனால் மனுஷன் எதற்கும் பழகிவிடுகிறான், அதிலும் கெட்டதற்குச் சீக்கிரம் பழகிவிடுகிறான். ஒரு நாள் அவள் சாப்பிடும்போது எதிரே சத்தமில்லாமல் உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்தார். அப்பளம் மறைந்தது. அவள் தட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் தரையில் தேடினாள். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இவ்வளவு சிரித்து எத்தனை வருஷமாகிவிட்டது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்தார். அடுத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலைச் சமையற்கட்டு வாசலுக்குக் குறுக்கே நீட்டினார். அவள் குழம்புச் சட்டியோடு வந்து, தடுக்கி, குழம்பின் மேலேயே விழுந்தாள். "பார்த்து வரக் கூடாதா, குருட்டு முண்டம்?" என்றார். அவள் மணிக்கட்டில் கொப்புளம் போட்டது. அவர் பர்னால் களிம்பு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, மறுநாளும் காலை நீட்டினார்.

களத்தில் கொப்பரை காயப்போடுகிற ஆட்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். "என்ற பொண்டாட்டிக்கு நான் சாமி மாதிரிடா. இருப்பேன், கண்ணுக்குத் தெரிய மாட்டேன்." கூலி வாங்குகிறவர்கள், அதனால் சிரித்தார்கள்.

ஒரு மத்தியானம் அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார். வசந்தாமணி தாராபுரத்தில் இருக்கும் தங்கை சுகுணாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் களத்தில் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் மனம்விட்டுப் பேசினாள்.

"பிள்ளை பெக்காதவள்னு இத்தனை வருசமாச் சொல்லிக் காட்டினாரு. டாக்டரு அவர்கிட்டத்தான் கோளாறுன்னு சொன்னதை நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை சுகுணா. இப்பப் பாரு, காலை நீட்டி விழ வெக்கறாரு. சின்னப் பையனாட்டம்…"

அவளைக் காற்று அறைந்தது.

அப்படித்தான் அவளுக்கு இருந்தது. எதிரே காலண்டர் மாட்டிய சுவர், மூடிய ஜன்னல், ஒரு ஆளும் இல்லை. கன்னம் மட்டும் எரிந்தது. போன் கையிலிருந்து தெறித்துப் போனது. இரண்டாவது அறை மற்ற கன்னத்தில் விழுந்தது. கண்ணாடி கழன்று, உலகமே அணைந்துபோனது. அந்த இருட்டில்தான் முதல்முதலாக மூச்சுச் சத்தம் கேட்டது.

"ஆர்கிட்டடி என்ன சொல்றே?" என்றது இருட்டு.

அவர் முன்பும் அவளை அடித்ததுண்டு. ஆனால் அப்போதெல்லாம் கை ஓங்குவது கறுப்பு வெள்ளையிலாவது தெரியும், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், கையைக் குறுக்கே வைக்கலாம். இப்போது அதுவும் போயிற்று. அன்றிலிருந்து அவள் எந்த அறைக்குள்ளும் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் நுழைந்தாள். மின்விசிறிக் காற்றுக்கும் பதறினாள். அழகான பச்சையும் நீலமுமாக இருந்த அந்த வீட்டில், எந்த மூலையிலிருந்து வேண்டுமானாலும் அடி வரலாம் என்று பயந்தே செத்தாள். இதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ருசி கூடியது.

அவர் கொப்பரை ஏலத்துக்குப் போயிருந்த ஒரு காலையில் நஸ்ரின் தானாகவே கூப்பிட்டாள்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க. அப்டேட் இன்னும் தள்ளிப்போகுது. ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு கெடுதாம்."

"தள்ளிப் போனாப் போகட்டும் கண்ணு" என்றவள், அடக்க முடியாமல் அழத் தொடங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொன்னாள்.

"அக்கா, பேரைச் சொல்லிடுங்க. அவர் முன்னாடி சொல்ல வேணாம். யாருமில்லாதப்ப போட்டோவைப் பார்த்துச் சொன்னாலே போதும்."

"பேர் சொன்னா ஆயுசு கொறைஞ்சு போயிருமே கண்ணு."

"எங்க அம்மாவும் இதையேதான் சொல்வாங்க. எங்க அத்தா பேரை அவங்க சொல்லி நான் கேட்டதே இல்லை. அத்தா நாப்பத்தஞ்சு வயசுலயே போயிட்டாரு. சொல்லாம இருந்து என்ன ஆச்சு சொல்லுங்க?"

"வேண்டாம் சாமி. கூறு கெட்டவராச்சேன்னு நானும் கூறு கெட்டுப் போக முடியுமா? அப்டேட்டே வரட்டும்."

போனை வைத்துவிட்டு அவள் சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவுக்கு எதிரே போய் நின்றாள். அதிலும் அவர் இல்லை. கழுத்தில் மாலையோடு ஒரு சின்னப் பெண் தனியாக நின்று, பக்கத்தில் இருந்த வெற்றுத் திரையைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். வசந்தாமணி அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள். டைகர் வந்து காலை நக்கிய பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு அவள் கொஞ்சம் அமைதியாகிவிட்டாள். அடிக்குப் பழகிவிட்டாள் என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார். காலை நீட்டினால் இப்போதும் விழுந்தாள், ஆனால் கையில் சூடான பாத்திரம் எதுவும் இல்லாத நேரமாகத்தான் விழுந்தாள். அவர் கையை ஓங்கும்போதே அவள் இமைகள் மூடிக்கொண்டன. இதையெல்லாம் அவர் கவனிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவன் மற்றவர்களைக் கூர்ந்து பார்ப்பான் என்று நாம் நினைக்கிறோம். அவர் தன் விளையாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பனுக்கு ஏற்கெனவே ஒரு முறை நெஞ்சுவலி வந்து போயிருந்தது. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். அது எப்போதும் டிவி ஸ்டாண்டின் மேல், ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் இருக்கும். வீட்டில் எல்லாப் பொருளையும் இடம் மாற்றி விளையாடியவர் அதை மட்டும் தொட்டதில்லை.

அன்று மத்தியானம் அவர் ஆட்டுக்கறிச் சோறு சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வசந்தாமணி ஹாலின் நடுவில் உட்கார்ந்து அவரைக்காயை நார் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் டிவி போடலாம் என்று அவர் நினைத்தபோது, மார்பின் மேல் யாரோ கொப்பரை மூட்டையை இறக்கினார்கள். அப்படியே சரிந்து, சமையற்கட்டு வாசலுக்குக் குறுக்கே கால் நீண்டு கிடக்க, மல்லாந்து விழுந்தார்.

கூப்பிட வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. டப்பா நான்கு எட்டு தூரத்தில் இருந்தது. கையை உயர்த்தி அதைக் காட்டினார். அவள் அவரைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது, தான் அவளுக்குத் தெரியப்போவதில்லை. இந்தக் குருட்டு முண்டத்துக்குத் தான் கிடப்பதே தெரியாது. கம்பெனிக்காரனை மனதுக்குள் அத்தனை கெட்ட வார்த்தையாலும் திட்டினார். அன்றைக்கே பேரைச் சொல்லித் தொலை என்று விட்டிருக்கலாமே என்று நினைத்தார். விரல் நகத்தால் தரையைச் சுரண்டினார். டைகர் ஓடி வந்து அவர் முகத்துக்கு நேரே நின்று குரைத்தது.

"சும்மா இரு டைகரு" என்றாள் வசந்தாமணி.

காய்த் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். சமையற்கட்டைப் பார்த்து நடந்து வந்தாள். வாசலில் அவர் கால் கிடந்தது. தடுக்கி விழுவாள், விழுந்தால் கை படும், கை பட்டால் தெரிந்துவிடும். அவர் பிழைத்துவிடுவார். அவர் அந்த விழுதலுக்காகக் காத்திருந்தார்.

அவள் புடவைக் கொசுவத்தை ஒரு கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலை உயர்த்தி வைத்து, அவர் காலைத் தாண்டிப் போனாள்.

வலியைவிடப் பெரியதாக ஒன்று அவர் நெஞ்சில் விழுந்தது. அப்படியென்றால் எத்தனை நாளாக? அப்பளம்? விழுந்தது? அறை வாங்கியது? எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேயா?

அவள் திரும்பி வந்தாள். மறுபடியும் அவரைத் தாண்டினாள். கையில் ஒரு துடைக்கிற துணி இருந்தது. டிவி ஸ்டாண்டைத் துடைத்தாள். எவர்சில்வர் டப்பாவை எடுத்து, அதன் அடியில் இருந்த தூசியைத் துடைத்து, அதே இடத்தில் திருப்பி வைத்தாள். பிறகு அவர் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து, முகத்துக்கு நேரே குனிந்து, அவர் கண்களைப் பார்த்தாள். அவர் கை இன்னும் டப்பாவைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

"சென்னியப்பா" என்றாள்.

போட்டோவைப் பார்த்துச் சொன்ன அதே பெயர். கோபமில்லை, அவசரமில்லை. அவர் கை கீழே விழும்வரை அவள் பார்வையை எடுக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவளுக்காகத்தான் அழுதார்கள். "புருசன் எதுத்தாப்லயே கெடந்து துடிச்சிருக்கறாரு, இவ கண்ணுக்குத் தெரியாமப் போச்சே" என்று பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். கம்பெனி மேல் கேஸ் போட வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் ஆவேசப்பட்டார்கள். நாய் குரைத்ததை வைத்துத்தான் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தேன் என்று அவள் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. சுகுணா துணைக்கு வந்து தங்கினாள். வசந்தாமணி வெகு நாளைக்குப் பிறகு தோளை நிமிர்த்தி வீட்டுக்குள் நடந்தாள். மூலைக்கு மூலை நின்று பார்த்தாள். எந்த மூலையிலும் யாரும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அப்டேட் வந்தது. காலையில் எழுந்து ஹாலுக்கு வந்தவள் போட்ட சத்தத்தில் சுகுணா அடித்துப் பிடித்து ஓடி வந்தாள். கனவு கண்டேன் என்று அவளிடம் சொல்லி அனுப்பிவிட்டு, கொல்லைப்புறம் போய் நின்று கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு, நஸ்ரினைக் கேட்டு வாங்கினாள்.

"கண்ணு, அவரு தெரியறாரு."

"அதான்க்கா, அப்டேட் வந்துடுச்சு. இனிமே பிரச்சனை இல்லை."

"அவரு செத்துப் போயிட்டாரு கண்ணு."

நஸ்ரின் அனுதாபம் சொன்னாள். பிறகு வேறு யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, தயங்கித் தயங்கி விளக்கினாள்.

"இனிமே யாரும் காணாமப் போகக் கூடாதுன்னு ஒண்ணு பண்ணியிருக்காங்கக்கா. பேர் சொல்லிக் கூப்பிட்டவங்களை அது மறக்கவே மறக்காது. கேமராவுல அவங்க விழலைன்னா, எங்கயோ தவறிப்போச்சுன்னு நினைச்சு, ஞாபகத்துல இருந்து எடுத்து அங்க ரொப்பிடும். செத்துப் போனவங்களை அவங்க யோசிக்காம விட்டுட்டாங்க." சட்டென்று நிறுத்தினாள். "அப்ப நீங்க பேரைச் சொல்லிட்டீங்களாக்கா? எப்போ?"

வசந்தாமணி கொல்லைக் கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "இதை அழிக்க முடியாதுங்களா?"

"பேர் இருக்கறவங்களை அழிக்க முடியாதுக்கா. ஆமா, அவர் எப்படித் தெரியறாரு? நாற்காலியில உட்கார்ந்திருக்கற மாதிரியா?"

"இல்லைங்க. கீழ கெடக்கறாரு. மல்லாக்க. கையை நீட்டி டிவி ஸ்டாண்டைக் காட்டிட்டு."

நஸ்ரினுக்குப் பின்னால் வேறு பெண்கள் வேறு வேறு ஊர்க்காரர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. மறுபடி பேசியபோது அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"கடைசியா எப்போ ரொம்ப நேரம் கண்ணெடுக்காமப் பார்த்தீங்களோ, அந்த உருவத்தைத்தான்க்கா அது எடுக்கும்."

"சரீங்க கண்ணு."

"கம்ப்ளெய்ன்ட் எழுதிக்கறேன். அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடுவாங்க. அதுவரைக்கும் காத்திருங்க." அவள் 'அக்கா' என்று சொல்லாமலே போனை வைத்துவிட்டாள்.

கண்ணாடியைக் கழற்றினால் அவர் போய்விடுவார். முருங்கை மரமும், டைகரும், தங்கை முகமும் சேர்ந்தே போய்விடும். அவள் கழற்றிப் பார்த்தாள். அந்த இருட்டில் யாரோ மூச்சு விடுவது போலிருந்தது. பதறிப்போய் மறுபடி மாட்டிக்கொண்டாள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சுகுணா சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். வசந்தாமணி ரசப் பாத்திரத்தோடு சமையற்கட்டிலிருந்து வந்தாள். வாசலில் நின்று, ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, காலை உயர்த்தி எட்டி வைத்தாள்.

"ஏனக்கா, அங்க ஒண்ணுமே இல்லையே. போறப்ப வாரப்ப எல்லாம் எதுக்குக் காலைத் தூக்கி வெக்கறே?"

"பழகிப் போச்சு" என்றாள் வசந்தாமணி. திரும்பிப் போகும்போதும் காலைத் தூக்கி வைத்துத்தான் போனாள்.